ஆண்டுக்கு ஒரு மிளகு

ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கும் கீழ்வீட்டின் வாசலில் ஒற்றை மிளகு ஒன்று கிடந்தது.

ஹேசல் கடைசிப் பெட்டியோடு மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். இதற்கு முன் நான்கு தடவை இதே படியில் ஏறி இறங்கியபோது அந்த மிளகு அங்கே இல்லை. சிந்தியது போலவும் இல்லை. யாரோ குனிந்து கதவுக்கு நேர் நடுவில் அளந்து வைத்தது போல இருந்தது. பிப்ரவரியின் பிற்பகல் வெளிச்சம் வாசல் கண்ணாடி வழியாகச் சாம்பல் நிறத்தில் கசிய, ஈரச் சுண்ணாம்பும் பழைய கம்பளிக் கோட்டும் கலந்த அந்த வீட்டின் நிரந்தர வாடை இன்றைக்கு ஏனோ மூக்கருகே வந்து நின்றது.

வெளியே ஜோன் ஹாரன் அடித்தாள்.

"அம்மா, சீக்கிரம் வாம்மா! ரோட்டோர மஞ்சள் கோட்டு மேல வண்டிய நிறுத்தியிருக்கேன், அபராதம் போட்டுடுவாங்க!"

"இதோ வந்துட்டேன்டி!"

இந்த நாளுக்காக ஹேசல் ஆறு வருடம் காத்திருந்தாள். பிரிஸ்டலில் மகள் வீட்டில் அவளுக்கென்று ஓர் அறை, ஜன்னலில் பேத்தி வரைந்து ஒட்டிய படம், எல்லாம் தயாராக இருந்தன. இந்த வீடுதான் விற்கவில்லை. இங்கிலாந்தில் அடுக்குமாடி வீடு வாங்குவது ஒரு விசித்திரம்: சுவர் உன்னுடையது, வருடங்கள் மண்ணுக்குச் சொந்தக்காரனுடையவை. அவளுடைய குத்தகையில் ஐம்பத்தெட்டு வருடம்தான் மிச்சம் என்றதும் வாங்க வந்தவர்கள் தேநீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். முறைப்படி நோட்டீஸ் விட்டு, மதிப்பீட்டாளரை அழைத்து, குத்தகையை நீட்டச் சொன்னாள் வக்கீல். ஒரு வருடம் ஆகுமாம். அந்த வாரமே மண்ணுக்குச் சொந்தக்காரர் லம்ப் கிழவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிட்டார்.

"எதுக்கு மேடம் வக்கீல், நோட்டீஸுன்னு அலையறீங்க? தொண்ணூறு வருஷம் கூட்டித் தரேன். காசு வேணாம். வாடகை, வருஷத்துக்கு ஒரு மிளகு. சட்டத்துலயும் அதானே?"

அது உண்மைதான். நீட்டிய குத்தகைக்குப் பெயரளவில் ஒரு மிளகுதான் வாடகை. ஆனால் அந்த மிளகை யாரும் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஹேசல் சிரித்துக்கொண்டே சமையலறை மேஜையிலேயே கையெழுத்துப் போட்டாள். படிக்கவில்லை. சும்மா கிடைப்பதை யார் படித்துப் பார்க்கிறார்கள்? சாட்சிக்கு ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது, பழுப்பேறிய மையில்: இ. டாலி. அவருடைய அலுவலகத்துப் பெண் போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள். அடுத்த மாதமே வீடு விற்றுப்போனது.

மிளகைத் தாண்டப் போனவளின் கண் கீழ்வீட்டு அழைப்புமணியில் நின்றது. எத்தனையோ பேர் அந்த வீட்டை வாங்கி, சுவரில் ஈரம் என்று திட்டி, விற்றுவிட்டுப் போயிருந்தார்கள். மணிக்குக் கீழே இருந்த பித்தளைத் தகட்டை மட்டும் ஒருவரும் கழற்றவில்லை. இருபது வருடம் பார்த்தும் படிக்காத தகடு.

இ. டாலி. 1931.

பெட்டியைக் கீழே வைத்தாள். கைப்பையிலிருந்து பத்திரத்தை உருவினாள். மூன்றாம் பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது: வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். கையெழுத்திட்டவர் மட்டும் குத்தகைக் காலம் முடியும்வரை இந்தக் கட்டடத்தில் இருப்பார்.

ஐம்பத்தெட்டும் தொண்ணூறும். நூற்று நாற்பத்தெட்டு வருடம்.

பூட்டிய கதவுக்கு உள்ளே எதுவோ சுவரிலிருந்து உரிந்தது. நனைந்த காகிதம் கிழிவது போன்ற சத்தம். அப்புறம் நடை. மெதுவாக.

கதவு ஒரு சாண் திறந்தது.

"கெளம்பிட்டியா?" பெண்குரல். வாய் நிறையச் சுண்ணாம்பை வைத்துக்கொண்டு பேசுவது போல. "நானும் இப்படித்தான் பொட்டி கட்டினேன். என் தங்கச்சி கார்டிஃப்ல காத்துட்டிருந்தா."

"யா... யாரு நீங்க?"

"சாட்சி." ஒரு கை நீண்டது. அதில் தோல் இல்லை. பூப்போட்ட பழைய சுவர்க் காகிதம்தான் விரல்விரலாகப் படிந்திருந்தது. உள்ளங்கையில் ஒரு மிளகு. "அவன் இன்னிக்கி வாடகைக்கு வருவான். மொத வருஷம் யார் கையிலயும் இருக்காது. இந்தா."

ஹேசல் பின்வாங்கினாள். முதுகு எதிர்ச்சுவரில் இடித்தது.

இடிக்கவில்லை. சுவர் இடம் கொடுத்தது.

குளிர். தோளில். பிறகு கழுத்தில். காலைத் தூக்கப் பார்த்தாள். வரவில்லை. ஜோன் என்று கத்தினாள். வாயில் மாவாக எதுவோ அடைத்தது. மூடிய கைக்குள் ஏதோ உருண்டது. சின்னதாக. காரமாக.

தெருவாசல் கதவு திறந்தது. ஜோன்.

"அம்மா? எங்கம்மா போயிட்ட?"

பெட்டியைப் பார்த்தாள். கீழே கிடந்த பத்திரத்தைப் பார்த்தாள். மாடியை அண்ணாந்து பார்த்து மறுபடி கூப்பிட்டாள். ஹேசல் நேர் எதிரே இருந்தாள். ஒரு முழத் தூரம்கூட இல்லை. மகளின் முகத்தில் பயம் மெல்ல ஏறுவது ஒவ்வொரு கோடாகத் தெரிந்தது. தாங்க முடியவில்லை. கண்ணீர் வந்தது. அது மட்டும் வந்தது.

மாடிப்படியை எட்டிப் பார்க்க ஜோன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். அந்தச் சூடான உள்ளங்கை ஹேசலின் கன்னத்தில் முழுதாகப் பதிந்தது.

"சே, ஒரே ஈரம்" என்று கையை உதறி, கோட்டில் துடைத்துக்கொண்டாள் மகள்.

அவளுக்குப் பின்னால், தொப்பியைக் கையில் பிடித்தபடி, லம்ப் கிழவர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.