பந்தல் முடியும் இடம்

புதுக்கடை நீதிமன்ற வாசலில் மழை பிடித்துக்கொண்டது... காற்றில் தனுஷியாவின் குடை புரண்டு, பக்கத்தில் ஓடிவந்தவனின் தோளில் போய் இடித்தது.

"சொறி..." என்று நிமிர்ந்தாள். நனைந்த இமைகளுக்குள் சிரிக்கிற கண்கள்... புரண்ட குடையை நிமிர்த்த மறந்துபோனாள்.

இருவரும் ஒதுங்கிய எதிர்த் தேத்தண்ணிக் கடையில் ஒரே ஒரு வாங்குதான் காலி. ஆளுக்கொரு நுனியில் உட்கார்ந்தார்கள்.

"வழக்கோ?" என்றான்.

"ஓம். ஹைவே அகலமாக்க எங்கட கொட்டாஞ்சேனை வீட்டை எடுக்கப் போறாங்களாம். அது அப்பா பிறந்த வீடு... இடிச்சா மனுசன் தாங்காது. அளந்தவன் கண்ணை எங்க வச்சிருந்தானோ தெரியாது. சேர்ச் திருவிழாவுக்கு வாசல்ல போட்ட தகரப் பந்தலையும் வீடெண்டு சேர்த்து அளந்திட்டான். பந்தலைக் கழிச்சா ரோட்டு எங்கட படியோட நிண்டிடும்."

அவன் சிரிப்பு அணைந்தது.

"பந்தலா..." என்று முணுமுணுத்தவன், தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான். இதென்ன மனுசன்... ஆனாலும் அந்தக் கண்கள் அவளோடு நீதிமன்றத்துக்குள்ளும் வந்தன.

வழக்கைக் கூப்பிட்டபோது, அரச சட்டத்தரணியின் காதருகே ஒருவன் குனிந்து நின்றான். அவனேதான்.

"அளவையில் பிழை நேர்ந்ததை நில அளவையாளர் கிஷாந்த் ஏற்றுக்கொள்கிறார். மறுபடி அளக்கிறோம்" என்றார் சட்டத்தரணி. அதுவரை வீட்டில் கைவைக்கக் கூடாதென்று உத்தரவானது. பக்கத்தில் நின்ற அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தனுஷியாவுக்கோ சந்தோஷத்தை முந்திக்கொண்டு கோபம் வந்தது. அவன் பக்கம் திரும்பாமலே வெளியேறினாள்.

மறுபடி அளக்க வேறொருவர் வந்தார். தெரு எல்லைக்கான சிவப்புக் கோடு படியோடு நின்றது. வீடு தப்பியது. கேற்றுக்கு வெளியே, தூறலில், குடையில்லாமல் கிஷாந்த்...

"நான் திட்டத் திட்டக் கேட்டுக்கொண்டிருந்தீங்களே. நான்தான் அவன் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா எழும்பிப் போயிருப்பீங்க... எனக்குக் கொஞ்சநேரம் கூட இருக்கோணும்போல இருந்தது. பந்தல் எண்டதும்தான் என்ர பிழை விளங்கி, சட்டத்தரணியிட்ட ஓடினனான்."

"பிழையை ஒத்துக்கொண்டதுக்கு ஒஃபிஸில ஒண்டும் சொல்லேல்லையோ?"

"பதுளைக்கு மாத்திட்டாங்க. நாளைக்கு வெளிக்கிடுறன்... அதான் அளக்கிற டேப் இல்லாம, உங்களைப் பார்க்க வந்தனான். உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு, தனுஷியா."

பிடித்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ... அவள் குடையை அவன் தலைக்கு மேலே நீட்டினாள்.

"வாற திருவிழாவுக்கு லீவு போட்டுட்டு வாங்க. பந்தல் எங்க முடியுது, வீடு எங்க தொடங்குது எண்டு காட்டுறன்."

"வீட்டுக்குள்ளயும் வரலாமோ?"

"ஓம்..." என்றாள், மழையைப் பார்த்தபடி. "எனக்கும் பிடிச்சிருக்கு."