பழி சுமந்த தேங்காய்ப்பால்

"அடுப்புக்கிட்ட வராதன்னு சொன்னேன்ல..."

விடிந்தும் விடியாததுமாக மாமியார் வேலாயியின் குரல் பக்கத்து லயத்து வீடுகள் வரை கேட்டது. நாகலெட்சுமி கையிலிருந்த சட்டியைக் கீழே வைத்தாள்.

"ஒன் தேங்காப்பாலும் எண்ணெயுந்தான் எம்புள்ளையப் படுக்க வச்சிச்சு. இன்னமும் ஆக்கிப்போட்டு அவன முடிச்சிறலாம்னு பாக்குறியா?"

நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய செல்லசாமி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். கறியில் தேங்காய்ப்பால் கெட்டியாக இல்லாவிட்டால் சோற்றைத் தொடாதவன் அவன்தான். நோயில் கிடக்கும் புருஷனைக் காட்டிக்கொடுக்க நாகலெட்சுமிக்கு மனம் வரவில்லை. பழியை விழுங்கிக்கொண்டு தினமும் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போய் வந்தாள்.

வேலாயி மகனுக்கு அவித்த காய் மட்டுமே கொடுத்தாள். தெம்புக்கென்று நினைத்தபோதெல்லாம் பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணி ஊற்றி, அவன் உள்ளங்கை நிறையச் சீனியும் வைத்தாள்.

"இதுல எங்கருக்கு கொழுப்பு? நக்கிக்கிட்டுக் குடிய்யா."

"சீனியும் ஆகாதுங்க அத்தை..."

"நீ பேசாத."

அன்று மஸ்கெலியாவில் செல்லசாமிக்குக் கிளினிக்; வேலாயி அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். "நானும் வர்றேன்" என்று நாகலெட்சுமி யார் அனுமதியையும் கேட்காமல் பஸ் ஏறினாள்.

யாழ்ப்பாணத்து டாக்டர் ஜெயமலர் இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"தேத்தண்ணிக்குச் சீனி எவ்வளவு எடுக்கிறவர்?"

"கை நெறையக் குடுக்கறேங்க" என்றாள் வேலாயி பெருமையாக. "கொழுப்பத்தான் அறவே நிப்பாட்டிட்டேன்."

"தேங்காய்ப்பாலும் எண்ணெயும் குறைக்கத்தான் வேணும் அம்மா. அதுக்காகச் சீனியை இப்பிடிக் கூட்டினால் இருதயத்துக்கு என்ன லாபம்? எது பெரிய எதிரி எண்டு வீட்டில சண்டை பிடியாமல், ரெண்டையும் குறையுங்கோ."

வெளியே வந்ததும் வேலாயி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அப்ப நாந்தான் எம்புள்ளைய..."

இத்தனை நாள் கேட்ட சொற்களை அப்படியே திருப்பி எறிந்திருக்கலாம். நாகலெட்சுமி மாமியாரைப் பிடித்து அங்கிருந்த மரவாங்கில் உட்காரவைத்தாள்.

"நீங்களும் இல்ல, நானும் இல்லங்க அத்தை." பிறகு கணவனிடம் திரும்பினாள். "ஏங்க, இப்பவாச்சும் வாயத் தொறங்க. இனிமே ஒங்க பழிய நான் சொமக்க மாட்டேன்."

செல்லசாமி தலை குனிந்தான்.

"பால் கெட்டியா வேணும்னு சத்தம் போட்டது நாந்தாம்மா. அவ கொறைச்சா நான் பட்டினி கெடந்து மெரட்டுனேன். நீ அவள ஏசுறப்ப... வாய மூடிக்கிட்டுக் கெடந்தேன்."

வேலாயி மருமகளின் கையைப் பற்றிக்கொண்டு விம்மினாள். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாடி?"

"சொன்னா நம்பியிருப்பீங்களா?"

வேலாயி அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். நாகலெட்சுமியும் அப்போதுதான் அழுதாள்.

வீடு திரும்பியதும் அவள் கீரைக்கட்டோடு நேரே அடுப்பின் முன் உட்கார்ந்தாள்.

"பால் தண்ணியாத்தான் இருக்கும். சாயத்தண்ணிக்குச் சீனி கெடையாது. மூணு பேருக்கும் ஒரே சாப்பாடு. மொறைக்கறவங்க மொறைக்கட்டும்."

வேலாயி வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"தாயி... அந்தக் கீரைய நான் ஆயட்டுமா?"

நாகலெட்சுமி கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க அத்தை."