கசத்துக்குள் போன கயிறு

மணிமுத்து இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் கயிறு பதில் சொல்லிவிட்டது.

நிமிஷத்துக்கு ஒருமுறை மேலே நிற்பவர் கயிற்றை ஒருதடவை சுண்ட வேண்டும். உள்ளே இருப்பவன் பதிலுக்கு ஒருதடவை சுண்டினால் நலமாக இருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு சுண்டினால் இன்னும் கயிறு விட வேண்டும், மூன்று என்றால் இழுத்து மேலே ஏற்ற வேண்டும். தீயணைப்பு நிலையத்தில் சேர்ந்த முதல் வாரமே ஜஸ்டினுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் மணிமுத்துதான். கேள்விக்கு முன்னால் பதில் சொல்லும் பழக்கம் அந்தப் பயலுக்குக் கிடையாது.

குற்றாலத்துக்கு மேலே, ஒரு ரிசார்ட்டின் பின்பக்கம் கிடந்தது அந்தக் கசம், அருவி விழுந்து தோண்டிய ஆழமான மடு. ரிசார்ட்காரர்கள் அதற்கு ‘இயற்கை நீச்சல் குளம்’ என்று போர்டு மாட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டிருந்தார்கள். மத்தியானம் அதில் குளிக்க இறங்கிய வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் திரும்ப ஏறவில்லை. அருவி விழுகிற இடத்துக்குப் பின்னால் பாறை குடைந்து கிடக்கிறது, உடல் அங்கே ஒதுங்கியிருக்கலாம் என்று இடுப்பில் கயிற்றோடு ஜஸ்டின் நீந்திப் போயிருந்தான். மற்றவர்கள் கீழே ஓடையின் குறுக்கே வலை கட்டிக்கொண்டிருந்தார்கள். பாறை மேல் மணிமுத்து ஒருவர்தான்.

மணி நாலுகூட ஆகவில்லை. சாரல் இறங்கி, எதிரில் இருந்த மரங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. அருவியின் இரைச்சலில் சொந்தத் தும்மல்கூடக் கேட்கவில்லை. ஈர இலை மக்கும் வாடையோடு, ரிசார்ட் சமையலறையில் எதையோ பொரிக்கிற எண்ணெய் வாடையும் கலந்து வந்தது. இந்த இரைச்சலுக்காகத்தான் இன்னொரு விதியும் உண்டு. கயிறு பிடிப்பவர் யார் என்ன கத்தினாலும் காதில் வாங்கக்கூடாது. கயிறு சொல்வதுதான் பேச்சு.

இரண்டு சுண்டல். கயிறு விட்டார்.

மறுபடி இரண்டு. விட்டார்.

குடைவு இருபதடிதான் என்று ரிசார்ட் மேனேஜர் கையடித்துச் சொல்லியிருந்தார். இப்போது அறுபதடி போயிருந்தது. நேராகக் கீழே இறங்குவதுபோல் கயிறு விறைத்து நின்றது. மணிமுத்துவுக்கு முதல்முறையாகச் சந்தேகம் தட்டியது: கயிற்றைக் கேட்பது ஜஸ்டின்தானா?

மரக்கிளையில் நாலைந்து குரங்குகள் நனைந்து உட்கார்ந்திருந்தன. அவை அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் பார்த்தன.

“யாருக்கு அண்ணாச்சி கயிறு விடுதிய?”

ஜஸ்டின். சொட்டச் சொட்ட நனைந்து, ஒரு கை தூரத்தில் நின்றான். அந்த இரைச்சலிலும் அவன் குரல் தெளிவாகக் கேட்டது. இடுப்பில் கயிறு இல்லை.

“ஏலே, நீ எப்படிலே வந்த?”

“குடைவுக்குப் பின்னால ஒரு பொந்து கெடக்கு. கயிறு பாறையில சிக்கிட்டு. அவுத்துப் போட்டுட்டு அது வழியா ஏறி வந்துட்டேன்.”

“அப்போ இத இழுக்கது யாரு?”

“அதத்தான் நானும் கேக்கேன்.”

கயிறு சுண்டியது. ஒன்று. இரண்டு. மூன்று.

“விட்ருங்க அண்ணாச்சி. அத மேல ஏத்திராதிய.”

மறுபடி மூன்று. உடனே இன்னொரு மூன்று. உள்ளங்கைத் தோல் எரிந்தது. இவன் ஜஸ்டின் என்றால் கயிற்றில் இருப்பது எது? கயிற்றில் இருப்பவன் ஜஸ்டின் என்றால் கையை விட்ட நொடியில் அவன் செத்தான்.

“பிள்ளைக்கு என்னலே பேரு வைக்கப் போற?”

பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று, இங்கே வண்டியில் வரும்போது ஜஸ்டின் அவர் காதோடு மட்டும் சொன்ன பேர் அது.

“ரெபேக்கா. ஒங்ககிட்ட மட்டும்தான சொன்னேன்.”

அதே குரல். அதே வெட்கச் சிரிப்பு.

கயிறு இப்போது எண்ணிக்கை இல்லாமல் துடித்தது.

விட்டார்.

நைலான் கயிறு பாறையில் சரசரவென்று ஓடி, முனை ஒருமுறை துள்ளி, தண்ணீருக்குள் போனது. அப்பாடா என்று இருந்தது. அப்படியே பாறையில் உட்கார்ந்தார். அழுகைகூட வந்தது.

சற்று நேரம் கழித்து, தோளில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி காதருகே கரகரத்தது. நிலைய அலுவலர் பால்வண்ணநாதன்.

“மணிமுத்து! கயித்த ஏன்வே விட்டீரு? வலையில ஜஸ்டின்லா வந்து கெடக்கான்! இடுப்புல கயிறு அப்படியே இருக்கு… மூச்சு இல்லவே.”

மணிமுத்துவுக்குத் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பினார்.

அவன் அங்கேயே இருந்தான். தண்ணீரில் இறங்கும் முன் ஜஸ்டின் கழற்றி வைத்த காக்கிச் சட்டையை உதறி, கையை நுழைத்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். பையைத் தடவி பைக் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

“அப்போ நான் வீட்டுக்குப் போறேன் அண்ணாச்சி. தேடுவாவ.”

நெஞ்சில் பெயர்ப்பட்டையோடு அவன் ரிசார்ட் படிகளில் இறங்கினான். நனைந்துபோய் வருகிற தீயணைப்பு வீரரைப் பார்த்து, நின்றிருந்த கூட்டம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது.