சிட்டுக்குருவி போட்ட கோப்புகள்

சனிக்கிழமை மதியம் சான்டா க்ரூஸ் அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்த டோரீன், கணினித் திரையில் ஒரே ஒரு கோப்பின் படம் மட்டும் மாறியிருப்பதைக் கவனித்தாள். மற்ற கோப்புகளில் எல்லாம் அவள் வரைந்த நீல மணி. இதில் மட்டும் பழுப்புச் சிட்டுக்குருவி. அது அவளோடு வேலை பார்த்த வால்ட் வரைந்தது. வால்ட் இறந்து ஆறு வாரம் ஆகிறது.

கடலிலிருந்து வந்த மூடுபனி ஜன்னலை அடைத்து நிற்க, கீழ்க் கடையில் காப்பிக்கொட்டை வறுக்கும் வாசமும் கணினிக்குள் வட்டு சுற்றும் மெல்லிய கரகரப்பும் தவிர வேறெதுவும் இல்லாத அந்த அறையில், அவளுக்கு முதலில் வந்தது பயமல்ல, வெட்கம். இசைக்குறிப்பு அச்சடிக்கும் அந்த மென்பொருளை எழுதியவர் வால்ட். அவரை அடக்கம் செய்த வாரமே அவர் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டவள் இவள். முதலாளி பாராட்டியபோது வாயைத் திறக்கவில்லை. கணவரின் கடைசிப் பாட்டைத் திறந்து பார்க்க மூன்று மணிக்கு வால்ட்டின் மனைவி ஐரின் வருகிறாள்.

ஒவ்வொரு கோப்புக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நான்கெழுத்து முத்திரை ஒன்று உண்டு, அதை உண்டாக்கிய மென்பொருள் எது என்று சொல்வதற்கு. கோப்பை இருமுறை தட்டினால் கணினி அந்த முத்திரை உள்ள மென்பொருளைத் தேடும். இரண்டு மூன்று கிடைத்தால் புதிய பதிப்பையே திறக்கும், அதன் படத்தையே கோப்பின் மேல் காட்டும். அதனால்தான் டோரீன் முத்திரையை மாற்றாமல் தன்னுடையதற்கு 2.0 என்று எண் கொடுத்தாள். வால்ட்டின் 1.4ஐ அழித்தும் விட்டாள்.

கோப்புக்கும் மென்பொருளுக்கும் பொருத்தம் குழம்பினால் எல்லாரும் செய்வதையே அவளும் செய்தாள். இரண்டு விசைகளை அழுத்திப் பிடித்தபடி கணினியை மறுபடி கிளப்பினாள். எந்தக் கோப்புக்கு எந்த மென்பொருள் என்ற பழைய பட்டியலை அது தூக்கிப்போட்டு, வட்டு முழுக்கத் துழாவிப் புதிதாக எழுதியது.

இப்போது எல்லாமே சிட்டுக்குருவி.

ஐரின் நனைந்த கோட்டோடு உள்ளே வந்தாள்.

“மூஞ்சி ஏன்டி இப்படி வெளுத்துக் கெடக்கு? சாப்பிடுறியா இல்லியா?”

“சாப்பிடுறேன் ஐரின்.”

“அவரும் இதே பொய்யைத்தான் சொல்வாரு. சரி, தெறந்ததும் அவரு பேர் வரும்ல? அதைப் பாக்கத்தான் வந்தேன்.”

உண்மையைச் சொல்லிவிடலாம். “வரும்,” என்றாள்.

பாட்டுக் கோப்பைத் தட்டினாள். சாளரம் திறந்தது. பதிப்பு 2.1. எழுதியவர்: வால்ட் ப்ரூயிட். கீழே, இந்தப் பதிப்பில் திருத்திய பிழைகள்: பக்க முடிவில் கோடு வெட்டுப்படுவது; எழுதியவர் பெயர் தவறாக இருப்பது. தேதி, இன்று.

ஐரின் அந்தப் பெயரை விரலால் தடவினாள். கண் கலங்கியது.

“நீ நல்லவடி. வேற யாராவதா இருந்தா தன் பேரைப் போட்டுட்டிருப்பாங்க.”

டோரீனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. படிகளில் ஐரினின் காலடி இறங்கி மறையும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு 2.1ஐ அழித்தாள். தன்னுடையதை 3.0 ஆக்கினாள். தட்டினாள்.

3.1.

பக்கத்துக் கணினிகளோடு இணைக்கும் கம்பியைப் பிடுங்கினாள். அழித்தாள். 9.0 என்று போட்டாள்.

9.1. எழுதிய நேரம், இந்த நிமிடம்.

யார் எழுதுகிறார்கள்? அறையில் அவளைத் தவிர யாருமில்லை. காப்பி வாசம் நின்றிருந்தது. திருத்திய பிழைகளின் பட்டியலில் கடைசி வரியைப் படித்தாள்.

திருத்தியது: டோரீன்.

டக். டக். விசைச் சத்தம். மிக அருகில். டக்.

குனிந்து பார்த்தாள். அவளுடைய எட்டு விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கியிருந்தன. இரண்டு ஆள்காட்டி விரல்கள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தன. வால்ட் அப்படித்தான் தட்டுவார். இழுத்துப் பார்த்தாள். கை வரவில்லை.

விரல்கள் நிதானமாக 9.2 என்று எழுதின.