பதில் போகாத வரி

புத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது மணி பத்தரை. தார் ரோடு வெயிலில் பளபளத்தது. தோளில் கயிறும் பையில் கட்டிங் பிளேயரும் வைத்துக்கொண்டு சார் வீட்டுக்கு நடந்தேன். அந்தத் தெருவில் நான் கால் வைத்து மூன்று வருஷம். அந்தப் பக்கம் வேலை வந்தாலும் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போவேன்.

சார் என்றால் கோபிகிருஷ்ணன் சார். டெலிபோன் ஆபீசில் வேலை செய்து ரிட்டையர் ஆனவர். லைசென்ஸ் வாங்கி வீட்டிலேயே ரேடியோ வைத்திருந்தார். பாட்டு கேட்கிற ரேடியோ இல்லை. இங்கிருந்து கூப்பிட்டால் எங்கேயோ இருக்கிறவர் பதில் சொல்கிற ரேடியோ. அதற்காக மாடியில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, நடுவே ஒயர் இழுத்துக் கட்டியவன் நான். சார் செத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அதை அவிழ்க்கத்தான் அவர் மனைவி பத்மாவதியம்மா ஆள் அனுப்பியிருந்தார்.

"வா கிருஷ்ணப்பா. இன்னா இப்பிடி இளைச்சிட்ட? செல்லியம்மா சோறு போடறாளா இல்லியா?"

"போடறாம்மா. ஒடம்புல ஒட்ட மாட்டேங்குது."

"எழுத்து கத்துக்கினியாமே. ஊர்ல கல்யாணப் பத்திரிகைங்கள நீதான் படிச்சு சொல்றியாம். பெரிய பண்டிதரு ஆயிட்ட போ."

நான் சிரிக்கப் பார்த்தேன். வரவில்லை. அந்த அம்மாவும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் எழுத்து கற்றது எதற்கு என்று அவருக்குத் தெரியும்.

என் மகள் ரூபா திருப்பதியில் டிப்ளமா படித்தாள். சாரைப் பார்த்து அவளும் பரீட்சை எழுதி ரேடியோ லைசென்ஸ் வாங்கினாள். இடி மழையில் குரல் கேட்காது, எழுத்தாக அனுப்பினால் போய்ச் சேரும் என்று இரண்டு பேரும் ஒரு சாஃப்ட்வேரை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார்கள். சிலேட்டு மாதிரி ஒரு பலகை. அதில் எழுதினால் அந்த எழுத்து கோடு கோடாகச் சத்தமாகும். அந்தச் சத்தம் காற்றில் போய், அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் மறுபடியும் எழுத்தாக விழும். சத்தம் சிள்வண்டு கரகரக்கிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு வரியும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தடவை விழும். ஒன்று அழிந்தால் மற்றதைப் படித்துக்கொள்ளலாம். எழுதினவர் கையெழுத்தே அப்படியே வரும். ரூபா அனுப்புகிற வரி மட்டும் எப்போதும் கொஞ்சம் சாய்ந்து மேலே ஏறும். அவள் கம்ப்யூட்டரின் வேகம் ஒத்துப்போகவில்லை என்று சார் சொல்வார்.

சார் அவளுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தார். "கெடச்சுதுன்னு பதில் வர்ற வரைக்கும் எடத்த விட்டு எந்திரிக்கக் கூடாது. திருப்பித் திருப்பி அனுப்பிக்கினே இருக்கணும்."

எனக்கும் ஒரு கட்டளை உண்டு. முதல் நாளே சொன்னது. "கிருஷ்ணப்பா, மேல கம்பத்துல நீ இன்னா வேணா பண்ணு. ரூமுக்குள்ள எதையும் தொடாத."

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த நவம்பர் மழை. நாயுடுபேட்டைப் பக்கம் ஒரு ஊரில் போன் இல்லை, கரண்ட் இல்லை. பேட்டரி ரேடியோவோடு போன ரேடியோக்காரர்களில் ரூபாவும் ஒருத்தி. இங்கே சார் இரண்டு நாள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் மத்தியானம் ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோகிற மாதிரி ஆனது.

"நீ இங்க உக்காரு, நான் ஓடிப் போய் வாங்கியாந்துடறேன்" என்று போனார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில் சிள்வண்டு சத்தம் வந்தது. திரையில் எழுத்து விழ ஆரம்பித்தது. சாய்ந்து, மேலே ஏறி. என் பொண்ணு கையெழுத்து.

எனக்கு அப்போது ஒரு எழுத்தும் தெரியாது.

கையை மடியில் கட்டிக்கொண்டு பார்த்தேன். எவ்வளவு அழகாக எழுதுகிறாள் என்று பார்த்தேன். ஒரு வரி நகர்ந்து போகும், மறுபடி அதே மாதிரி ஒன்று வரும். எத்தனை தடவை வந்ததோ. சார் திரும்பி வந்து, "எதனா வந்துச்சா?" என்றார்.

"நெறைய வந்துச்சு சார். பாப்பா நல்லா எழுதுது."

அவர் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். சாயங்காலம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. ஏரி உடைந்து, அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் மாடியோடு போய்விட்டது என்று மறுநாள் தெரிந்தது. மாடியில் இருந்தவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. ரூபா ரேடியோ பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். எதிர்த் தென்னை மரத்தில் தொங்கித் தப்பித்தவர் சொன்னார். "மரத்துக்குத் தாவு பாப்பான்னு கத்தினேன். பதில் வரலன்னு சொல்லிச்சு" என்றார்.

அதன்பிறகு பக்கத்து வீட்டு மணியம்மாவைக் கேட்டு, ரூபாவின் ஒன்றாம் வகுப்பு நோட்டை வைத்து எழுத்து கற்றேன். அன்றைக்குத் திரையில் பார்த்த வடிவங்களில் முதல் நான்கைந்து மட்டும் மனசில் நின்றிருந்தன. ஆறு மாசம் கழித்து ஒரு நாள் அவை சேர்ந்து, அவள் என்னைக் கூப்பிடுகிற சொல்லாயின.

நைனா.

மீதி எனக்கு ஞாபகம் இல்லை. என்ன கேட்டாள், யாரைக் கேட்டாள், தெரியாது. அது ஒன்று தெரிந்தால் போதும் என்று மூன்று வருஷமாகக் கிடந்தேன்.

மாடிக்குப் போய் ஒயரை அவிழ்த்தேன். சுருட்டித் தோளில் மாட்டினேன். வீட்டுக்குள் போகிற கேபிளையும் வெட்டிக் கீழே போட்டேன். இரண்டு கம்பமும் மொட்டையாக நின்றன. கீழே வந்தபோது மணி பன்னிரண்டு.

"மூணு வருஷமா இந்நேரத்துக்கு ரூமுல போயி உக்காந்துக்குவாரு" என்றார் பத்மாவதியம்மா. "சோறு ஆறிப் போவும். கூப்பிட்டா, இரு, வருதுன்னுவாரு. நான் போயி பாத்தா ஒண்ணும் இருக்காது. சாவும்போது கூட, அத ஆஃப் பண்ணாத, கிருஷ்ணப்பா வரட்டும்னாரு."

"என்னையா?"

"ஒன்னயேதான்."

அறைக்குள் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ரேடியோவில் ஒரு பச்சை விளக்கு. திரையில் சாம்பல் நிறப் புள்ளிகள் தூறல் மாதிரி நகர்ந்துகொண்டிருந்தன. கேபிளின் மிச்சத்தைக் கழற்ற ரேடியோவின் பின்பக்கம் கை விட்டேன்.

கை ஈரமானது.

சேற்று வாசனை. ஏரிச் சேறு, பாசி, ஊறிப்போன நோட்டுப் புத்தகம். வெளியே அனல் வெயில்.

சிள்வண்டு கரகரத்தது.

புள்ளிகள் கூடிக் கோடாயின. கோடு எழுத்தானது. சாய்ந்து, மேலே ஏறி. மேலே ஒன்று, கீழே ஒன்று.

திரையில் விரல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன்.

நைனா ஸ்கூல் மாடியில பதினோரு பேரு இருக்காங்க.

ஏரி ஒடஞ்சிடுச்சு. சார் கிட்ட படகு சொல்லு.

கெடச்சுதா?

நகர்ந்து போனது. மறுபடி வந்தது. நைனா. பதினோரு பேரு. படகு. கெடச்சுதா?

மறுபடி.

வாசற்படியில் டம்ளர் விழுந்து உருண்டது. மோர் கொண்டுவந்த பத்மாவதியம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கிருஷ்ணப்பா" என்றார் மெதுவாக. "ஒயரத்தான் அவுத்துட்டியே."

தோளைத் தொட்டுப் பார்த்தேன். சுருட்டின ஒயர் என் தோளில்தான் இருந்தது. அது மெல்ல நடுங்கியது.

கெடச்சுதா?

எழுதும் பலகை முன்னால் இருந்தது. என் கை அன்றைக்கு மாதிரியே மடியில் கட்டிக்கொண்டது.

"இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீற?" அந்த அம்மா குரல் உடைந்தது. "தொடு. நான் சொல்றேன், தொடுய்யா. எழுது."

எழுதினேன். கடப்பாரை பிடித்த கை. ஒரு எழுத்துக்கு ஒரு மூச்சு பிடித்தது.

கெடச்சுது ரூபா. நைனா படிச்சிட்டேன்.

ரேடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது. என் எழுத்து கரகரவென்று போனது. எதன் வழியாகப் போனதோ.

சத்தம் நின்றது.

ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. வாய் விட்டு அழுதேன். பிறகு கடைசியாக ஒரு வரி வந்தது.

இவங்கள எல்லாம் எறக்கிட்டு வரேன் நைனா. வாசல தொறந்து வை.

பச்சை விளக்கு அணைந்தது. ஸ்விட்சை எத்தனை தடவை போட்டும் அது திரும்ப எரியவில்லை.

வீட்டுக்கு வந்து செல்லியம்மாவிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். வெயிலில் வேலை செய்து புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள். ஆனாலும் வாசலைச் சாத்தவில்லை.

மறுநாள் மத்தியானம் வாசற்படியில் ஈரமாக ஒரு கால் அச்சு. சேறு. உள்ளே பார்த்த கால். நாலு வயசுப் பிள்ளையுடையது. "எவ ஊட்டுப் புள்ள இப்பிடி சேத்தக் கொண்டாந்து மெதிச்சுது?" என்று திட்டிக்கொண்டே செல்லியம்மா துடைத்தாள். மழை பெய்து மூன்று மாசம் ஆகிறது என்பது துடைத்தபிறகுதான் அவளுக்கு உறைத்தது.

அடுத்த நாள் ஒரு கிழவியின் கால், விரல்கள் அகன்று. அதற்கடுத்து, மெட்டி அழுந்தின கால். பக்கத்திலேயே இன்னொரு குழந்தை. படியைத் தாண்டி உள்ளே ஒரு அச்சும் இல்லை. இப்போது செல்லியம்மா திட்டுவதில்லை. தண்ணீர்ச் செம்பை வாசலில் வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து எண்ணுகிறாள்.

நேற்றோடு பதினொன்று.

ரூபாவுக்கு இடது கால் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருக்கும். செருப்பு கடிக்கிறது என்று எப்போதும் புலம்புவாள். இன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. செல்லியம்மா வாசல் கழுவி, கோலம் போடாமல் படியைக் காய விட்டிருக்கிறாள். சோறு ஆக்கி மூடி வைத்திருக்கிறாள். மூலையில் சார் வீட்டு ஒயர் சுருளாகக் கிடக்கிறது. அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மணி பன்னிரண்டு. ஒயர் கரகரக்கிறது.

படி ஈரமாகிறது.