கையெழுத்துப் போடாதவள்

காலை எட்டேகாலுக்கு மருத்துவமனையின் புதிய கணினித் திட்டம் கண் திறந்தது. உள்ளே ஒரு நோயாளிகூட இல்லை.

யார் பெயரைத் தட்டினாலும் 'விவரம் இல்லை' என்றது திரை. பதிவு மேசையின் வரிசை வாசலைத் தாண்டியது. யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று தெரியாமல் நர்சுகள் கையில் ஊசியோடு நின்றார்கள்.

பெரிய டாக்டரின் அறையில், திட்ட மேலாளர் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். திரையில் ஒரு பதிவு: நேற்று மாலை, எல்லா நோயாளிகளின் விவரங்களும் அழிப்பு. செய்தவர்: சோதனைப் பிரிவு.

சோதனைப் பிரிவு என்றால் ஒரே ஆள்தான். எதைக் கொடுத்தாலும் குறை சொல்வதால் அலுவலகம் அவளுக்கு வைத்த பெயர் நொட்டை. குறை சொல்லத்தான் அவளுக்குச் சம்பளம் என்பது மட்டும் யாருக்கும் நினைவு வராது. மேலாளர் அவளுடைய அக்கா கணவர். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

"போன வாரம் எல்லார் முன்னாடியும் என்ன சொன்னா? 'சோதனை முடிஞ்சதுன்னு கையெழுத்துப் போடமாட்டேன், இதை ஓட விடமாட்டேன்'னா. சொன்ன மாதிரியே செஞ்சிட்டா டாக்டர். நல்லவேளை, பழைய கம்ப்யூட்டர்ல விவரமெல்லாம் பத்திரமா இருக்கு. மறுபடி மாத்தணும். மூணு வாரம் கொடுங்க."

பெரிய டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, எதிரே நின்ற நொட்டையைப் பார்த்தார். "போலீஸ் வேண்டாம்மா. ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டுப் போயிடு."

"எழுதமாட்டேன்," என்றாள் நொட்டை. "முதல்ல பழைய கம்ப்யூட்டரை ஓட விடுங்க. வெளிய ஊசியோட நிக்கிறாங்க. என்னை அப்புறமா தூக்குல போட்டுக்கலாம்."

டாக்டர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து அதையே செய்யச் சொன்னார்.

"மத்தியானம் வரைக்கும் உனக்கு நேரம்," என்றார்.

நொட்டை தன் அறைக்கு வந்தாள். சுவரில் திட்டத்தின் கட்டங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. தேவைகளைக் கேட்டறிதல், வடிவமைப்பு, புரோகிராம் எழுதுதல், சோதனை, பழைய விவரங்களைப் புதியதற்கு மாற்றுதல், ஓட்டம். எல்லாவற்றின் மேலும் 'முடிந்தது' என்ற பச்சை. அவள் கையெழுத்தே இல்லாத சோதனையின் மேலும் பச்சை. அவளுக்குக் கோபம் தலைக்கேறியது. பழுது எங்கே என்று தெரியாவிட்டால் கடைசிக் கட்டத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போவது அவள் பழக்கம். போனாள்.

புரோகிராமர் பக்கத்து மேசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"என் பேர்ல யாரு உள்ள போனது?"

"யாரு வேணும்னாலும் போகலாமே மேடம்."

உண்மைதான். அவள் பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்திலேயே ஒட்டியிருந்தது. சோதனை நடக்கும்போது அவசரத்துக்கு ஆகும் என்று அப்படி ஒட்டி வைப்பது அந்த அறையின் வழக்கம்.

"பழைய விவரத்தை மாத்துற புரோகிராம் நீதானே எழுதின?"

"இல்ல மேடம். அதை சாரே எழுதுறேன்னு வாங்கிக்கிட்டாரு."

"முடிச்சாரா?"

"முடிச்சாச்சுன்னாரு. நான் பார்க்கல."

அவளும் பார்க்கவில்லை. மாற்றிய விவரங்களைச் சோதிக்கக் கேட்டபோதெல்லாம் மேலாளர் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். அதனால்தான் அவள் கையெழுத்துப் போடவில்லை. நேற்று டாக்டருக்கு ஓட்டிக் காட்டியபோதும் அவளைக் கூப்பிடவில்லை.

நேராகப் பெரிய டாக்டரிடம் போனாள்.

"நேத்து காட்டினப்போ நோயாளிங்க விவரம் இருந்துச்சா டாக்டர்?"

"என் கண்ணால பார்த்தேன். பிரசவ வார்டு. அங்க படுத்திருந்த முதல் பொண்ணோட பிறந்த தேதி பிப்ரவரி இருபத்தொன்பது. நாலு வருஷத்துக்கு ஒரு பிறந்தநாளான்னு சிரிச்சேன். அடுத்த பொண்ணுக்கும் அதே தேதி."

"மூணாவது?"

"நேரமாச்சுன்னு மூடிட்டாரு."

காலையிலிருந்து முதல் தடவையாக நொட்டை சிரித்தாள். "எல்லாரையும் கூப்பிடுங்க."

மேலாளர் வந்து உட்கார்ந்தார். புரோகிராமர் கதவோரம் நின்றான்.

"உங்க நோயாளிங்களை யாரும் அழிக்கல," என்றாள் நொட்டை. "அவங்க இதுக்குள்ள வரவே இல்ல. சோதிக்கிறதுக்கு நான் இல்லாத ஆளுங்களை உண்டாக்கி வைப்பேன். அத்தனை பேருக்கும் பிப்ரவரி இருபத்தொன்பதுதான் பிறந்தநாள். தேதிக் கணக்குல தப்பு இருந்தா அங்கதான் மாட்டும். அவங்களை எடுத்துப் போட்டுத்தான் நேத்து உங்ககிட்ட காட்டியிருக்காரு. காட்டி முடிச்சதும் என் பேர்ல போய் அழிச்சிட்டாரு."

"உளறாதே!" என்று மேலாளர் எழுந்தார்.

"அப்ப மூணு வாரம் எதுக்கு அத்தான்? ஒரு தடவை மாத்தின புரோகிராம் கையில இருந்தா, மறுபடி ஓட்ட ஒரு நாள் போதும். இல்லாததை எழுதத்தான் மூணு வாரம் வேணும். இருக்குன்னா இப்பவே ஓட்டுங்க."

அவர் லேப்டாப்பை அவர் பக்கமே தள்ளினாள். அவர் கை அதன்மேல் போகவில்லை.

"இன்னைக்கு ஓடும்னு தேதி சொல்லிட்டேன்," என்றார், குரல் இறங்கி. "முடியலைன்னு சொன்னா என் மானம் போயிடும்னு…"

"உங்க மானத்துக்கு என் பேர்தான் கிடைச்சுதா?"

பெரிய டாக்டர், ராஜினாமா எழுத அவளுக்காக எடுத்து வைத்திருந்த வெள்ளைத் தாளை மேலாளர் முன்னால் நகர்த்தினார்.

வராந்தாவில் மேலாளர் அவள் பின்னால் ஓடி வந்தார். "மெஷின் கோளாறுன்னு ஒரு வரி எழுதித் தரேன். நீயும் ஒரு கையெழுத்துப் போட்டுடும்மா. உங்க அக்காவை நினைச்சுப் பாரு."

அக்காவின் முகம் அவள் நினைவுக்கு வரத்தான் செய்தது.

"போடமாட்டேன் அத்தான். சாயங்காலம் வீட்டுக்கு வருவேன். அதுக்குள்ள அவகிட்ட நீங்களே சொல்லியிருக்கணும்."