அடுத்த வீட்டுத் திரை

அன்று சாயங்காலம் டாஃப்னி திரையை மூடவில்லை.

இருபது வருடமாக, பொழுது சாயும் முன்னே அடுத்த வீட்டு மாடியில் திரைவளையங்கள் கம்பியில் சரசரவென்று ஓடும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு நொரீனுக்கு வயிறு எரிந்திருக்கிறது. தெருவிலேயே முழுக் கடலும் தெரிகிற ஒரே ஜன்னல் அது. அதை மூடிவைத்துக்கொண்டு ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருக்கிறாள்! குரங்கு கையில் பூமாலை. நொரீன் வீட்டுக்கு எதிரிலோ நகராட்சியின் அத்திமரம், கருகருவென்று நின்றது. இலைகளுக்கு நடுவே எட்டிப் பார்த்து அவள் கடலைப் பிச்சை எடுக்க வேண்டியிருந்தது.

தெருவே கால்பந்தாட்டம் பார்க்கப் போயிருந்த ஒரு சனிக்கிழமை, அடிமரத்தில் துளை போட்டுக் களைக்கொல்லியை ஊற்றினாள். மரம் மொட்டையானது. விஷம் வைத்தவரைத் தெரிந்தால் சொல்லும்படி நகராட்சி பலகை மாட்டியபோது, அதன் முன்னால் நின்று எல்லோரையும்விட உரக்க அங்கலாய்த்தவள் நொரீன்தான். அன்று காலைதான் மரத்தை அறுத்துக்கொண்டு போனார்கள். மதியமே அவள் முன்ஜன்னல் திரைகளைக் கம்பியோடு கழற்றித் தானமாக வந்த பழைய சாமான்களை விற்கும் தெருமுனைத் தொண்டுக் கடையில் கொடுத்துவிட்டாள்.

அறுத்த கட்டையின் பால் வாசனையும் கரையொதுங்கிய பாசியின் நாற்றமும் கலந்து வர, அலைச்சத்தம் முதல்முறையாக மறைப்பில்லாமல் கூடத்துக்குள் நுழைய, ஒயினோடு உட்கார்ந்தாள். அப்போதும் கண் டாஃப்னியின் ஜன்னலுக்குத்தான் போனது. எனக்கு ஒன்று கிடைத்ததும் இவளுக்கும் ஆசை வந்துவிட்டதே என்று கடுகடுத்தாள்.

கடலில் இடுப்பளவு தண்ணீரில் யாரோ நின்றிருந்தார்கள்.

குளிக்கிறவர் என்றுதான் நினைத்தாள். ஆனால் அந்த உருவம் வீடுகளைப் பார்த்து நின்றது. பெரிய அலை ஒன்று தலைக்குமேல் உடைந்தும் அசையவில்லை. கோப்பையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது தண்ணீர் அதன் முழங்காலில் இருந்தது.

"வந்துட்டானா, நொரீன்?" டாஃப்னி தன் மாடியிலிருந்து மெதுவாகக் கேட்டாள்.

நொரீன் கதவைத் திறந்து யாரென்று கேட்டாள்.

"பேரெல்லாம் தெரியாது. ஜன்னல்ல ஆள் தெரிஞ்சா கிளம்பி வருவான், திரையைப் போட்டா நின்னுடுவான். உன் மரத்தைப் பாத்து நான் எவ்வளவு பொறாமைப்பட்டிருக்கேன் தெரியுமா? இன்னிக்குத்தான் என்னை விட்டுட்டு உன் பக்கம் திரும்பியிருக்கான்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மரத்தை எனக்குக் குடுத்திருப்பியா?"

குரலில் கேலி இல்லை.

நொரீன் கதவையும் ஜன்னலையும் சாத்தித் தாழிட்டாள். விளக்கை அணைத்தாள். மணலில் யாருமில்லை. தெருவிலும் இல்லை. பாசி நாற்றம் மட்டும் கிட்டே வந்தது. படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு ஓடிவந்தாள். மாட்டக் கம்பி இல்லை. இரண்டு கைகளாலும் அதைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்தாள்.

வெளியே சொட்டுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தோள் கடுத்தது. விரிப்பின் ஓரத்தில் டாஃப்னி தெரிந்தாள். திறந்த ஜன்னலில், தேநீரும் கையுமாக, நிம்மதியாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நிலையிலும் நொரீனுக்கு வயிறு எரிந்தது.

கை நழுவியது. மறுபடி அழுத்தினாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், அவள் உள்ளங்கைகளுக்கு நேராக, ஈரமான இரண்டு உள்ளங்கைகள் வந்து பதிந்தன.